நிறைவேறாத ஆரூடமும் தீராத அச்சமும்: கதிரியல் துறை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறிக்குமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பவர்கள் குறைவு. பெரும்பாலான தொழில்களில் இப்போதைக்கு அப்படி விசாரிக்கவும் முடியாது. அங்கெல்லாம் அச்சத்துக்கே வயது சில ஆண்டுகள்தான். கதிரியல் மருத்துவம் இதற்கு விதிவிலக்கு. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்களைப் படித்து நோயைச் சொல்லும் இந்த மருத்துவர்களுக்கு, 'உங்கள் தொழில் முடிந்தது' என்ற அறிவிப்பு 2016இலேயே வந்துவிட்டது. கெடுவும் குறிக்கப்பட்டது. கெடு கடந்தும் போயிற்று. அச்சம் எப்படித் தொடங்குகிறது, எங்கே போய்த் தங்குகிறது, பொய்த்துப்போன பின்னும் ஏன் விலக மறுக்கிறது என்பதையெல்லாம் தொடக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்திருக்கும் அரிய நிகழ்வு இது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பணியாளர் நலத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியவராது. கதிரியலில் வேலை பெருகியது. நலம் பெருகவில்லை.

அறிவிப்பு வந்த விதம்

2016இல் டொரன்டோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஜெஃப்ரி ஹின்டன் பேசினார். ஏராளமான தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் முறையான ஆழ்கற்றல் துறையின் முன்னோடி. பிற்பாடு கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்கும் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டவர். கதிரியல் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குள் ஆழ்கற்றல் அவர்களை விஞ்சிவிடும் என்பது கண்கூடு என்றார். பத்து ஆண்டுகூட ஆகலாம் என்று ஒரு சலுகையும் சேர்த்தார். பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டும் குனிந்து பார்க்காததால் இன்னும் அந்தரத்தில் நிற்கும் கார்ட்டூன் ஓநாயோடு அந்த மருத்துவர்களை அவர் ஒப்பிட்டதுதான் துறை முழுவதும் பரவிய வாசகம்.

அதே ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஸியாட் ஓபர்மேயரும் எசெக்கியல் இமானுவேலும், கதிரியல், நோய்க்குறியியல் மருத்துவர்களுடைய வேலையின் பெரும்பகுதியை இயந்திரக் கற்றல் எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். 2017 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மார்பு எக்ஸ்ரேக்களுக்கு மேல் கொண்ட தொகுப்பில் பயிற்றப்பட்ட நிரலை அறிவித்தது. நிமோனியாவைக் கண்டறிவதில் அது கதிரியல் மருத்துவர்களைவிட மேல் என்பது குழுவின் கூற்று. ஒப்பிடப்பட்ட மருத்துவர்கள் நான்கு பேர். குழுவில் இருந்த ஆண்ட்ரூ இங் அதைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தபோது, கதிரியல் மருத்துவர்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று ஒரு கேள்வியையும் போட்டுவைத்தார்.

இவ்வளவும் நடந்த காலத்தில் படம் படிக்கும் அறைகளில் அநேகமாக எதுவும் மாறியிருக்கவில்லை. கருவி வருவதற்கு முன்னால் அச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. கணினி உதவி இந்தத் துறைக்குப் புதிதும் அன்று. மார்பகப் படங்களில் ஐயத்துக்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இலேயே அனுமதி கொடுத்தது. அதனால் துல்லியம் கூடவில்லை என்று 2007இலும் 2015இலும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இந்தப் பழைய ஏமாற்றத்தை நேரில் அனுபவித்த துறையே நடுங்கியது என்றால், சொன்னவரின் பெயருக்கு இருந்த கனம் அப்படி. கண்டுபிடித்தவரே சொல்லும்போது மறுக்க யாருக்கு நா எழும்?

வராமலே போனவர்கள்

அச்சத்துக்கு முதல் விலை கொடுத்தவர்கள், துறைக்குள் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாணவர்கள். கனடாவின் மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில் 322 பேர் பதிலளித்தார்கள். செயற்கை நுண்ணறிவால் கதிரியல் மருத்துவர்களின் தேவை குறையும் என்று மூன்றில் இரண்டு பங்கினர் நம்பினார்கள். இந்தப் பதற்றம் இல்லாவிட்டால் கதிரியலையே முதல் விருப்பமாக எழுதியிருக்கக்கூடியவர்களில் ஆறில் ஒருவர் அதைக் கைவிடத் தயாராக இருந்தார். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த 484 மாணவர்கள் பங்கேற்றார்கள். செயற்கை நுண்ணறிவால் கதிரியலில் நாட்டம் குறைந்துவிட்டது என்றவர்கள் 49 விழுக்காடு.

பணியாளர் நலம் பற்றிய ஆய்வுகளில் இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. வேலையை விட்டுப் போகிறவரிடம் காரணம் கேட்க ஒரு நேர்காணலாவது உண்டு. வராமலே போனவரிடம் யார் கேட்பது?

உள்ளே இருந்தவர்களைப் பற்றி 2021இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. 54 நாடுகளைச் சேர்ந்த 1,041 கதிரியல் மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களும் பதில் சொன்னார்கள். தங்கள் இடம் பறிபோகும் என்ற அச்சம் 38 விழுக்காட்டினரிடம் இருந்தது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் அச்சம் கூடுதலாகவும், ஓரளவேனும் ஆழமாகக் கற்றவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. இதைப் படித்த உடனே 'பயிற்சி கொடுத்தால் பயம் போய்விடும்' என்று முடிவுகட்டும் மேலாளர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கற்றதால் பயம் தெளிந்தவர்கள் இருப்பார்கள்; பயத்தாலேயே கற்பதைத் தள்ளிப்போட்டவர்களும் இருப்பார்கள். இரண்டாம் வகையினரை வகுப்பில் உட்காரவைத்தால் மட்டும் போதாது.

வேலை பெருகியது

ஆரூடத்தின் கெடு முடிந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. பிரிட்டனின் கதிரியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2023ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கெடுப்பில், தேவைப்படும் மூத்த கதிரியல் மருத்துவர்களில் 30 விழுக்காட்டினர் குறைவாக இருந்தார்கள். 2028இல் பற்றாக்குறை 40 விழுக்காடாகும் என்றும் அது கணித்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கதிரியல் மருத்துவர்களின் எண்ணிக்கை 2016இல் இருந்ததைவிட 55 விழுக்காடு உயர்ந்து 400ஐத் தாண்டிவிட்டதாக 2025இல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அதே மருத்துவமனை செயற்கை நுண்ணறிவு நிரல்களை நூற்றுக்கணக்கில் பயன்படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவிகள் வராததால் வேலை தப்பவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுவரை அனுமதித்த செயற்கை நுண்ணறிவு மருத்துவக் கருவிகள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கதிரியலுக்கானவை.

காரணங்களை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு நிரலும் ஒரு குறுகிய வேலையைச் செய்கிறது: ஒன்று மூளையில் இரத்தக்கசிவைத் தேடும், மற்றொன்று நுரையீரல் கட்டியை. கதிரியல் மருத்துவரின் நாளில் படம் பார்ப்பது ஒரு பங்குதான். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று முடிவு செய்வதும், பழைய படங்களோடு ஒப்பிடுவதும், அறுவை மருத்துவரோடு பேசுவதும், ஊசி வழியாகத் திசு எடுப்பதும் மீதி. எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறது. 2016இல் தாம் மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாகவும், படப் பகுப்பாய்வை மட்டுமே மனத்தில் வைத்திருந்ததாகவும், காலக்கணக்கு தவறினாலும் திசை தவறவில்லை என்றும் ஹின்டன் 2025இல் விளக்கம் அளித்தார்.

இந்த விளக்கத்தை ஒரு கதிரியல் மருத்துவரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். தண்டனை நீக்கப்படவில்லை, தேதி மட்டும் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. முன்பாவது ஐந்து, பத்து என்று ஓர் எண் இருந்தது.

படிக்கும் அறையில்

வேலை தப்பியது என்பதோடு கதையை முடிப்பவர்கள் தவறவிடும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே இந்தத் தொழில் மூச்சுமுட்டும் நிலையில் இருந்தது. மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டின் பணிச்சுமையைக் கணக்கிட்டபோது, எட்டு மணி நேர வேலைநாளில் ஒரு கதிரியல் மருத்துவர் மூன்று நான்கு நொடிகளுக்கு ஒரு படம் வீதம் படித்தாக வேண்டியிருந்தது. பிலிம் இருந்த காலத்தில் மற்ற மருத்துவர்கள் படத்தைப் பார்க்க நேரில் வருவார்கள், பேசுவார்கள். படங்கள் கணினிக்குப் போன பிறகு அந்த வருகை பெருமளவு நின்றது. இருட்டறை, திரை, முடிவில்லாத பட்டியல். இந்தச் சூழலுக்குள்தான் புதுக் கருவி வந்து சேர்ந்தது.

சீனாவில் 1,143 மருத்துவமனைகளைச் சேர்ந்த 6,726 கதிரியல் மருத்துவர்களிடம் 2023இல் நடத்திய ஆய்வு அடுத்த ஆண்டு 'ஜாமா நெட்வொர்க் ஓபன்' இதழில் வெளியானது. செயற்கை நுண்ணறிவை வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்களில் 40.9 விழுக்காட்டினருக்குப் பணிச்சோர்வு இருந்தது, மற்றவர்களிடம் 38.6 விழுக்காடு. வேறுபாடு சிறியது. ஆனால் பயன்பாடு கூடக்கூடச் சோர்வும் கூடியது. வேலைப்பளு அதிகமாக இருந்து, கருவியை மனதார ஏற்காதவர்களாகவும் இருந்தவர்களிடம் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஒரே காலகட்டத்தில் எடுத்த ஆய்வு என்பதால், கருவிதான் சோர்வைத் தந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே திணறும் மருத்துவமனைகளே கருவியை முதலில் வாங்கியிருக்கலாம். அப்படியே ஆனாலும், சுமையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் சோர்வைக் குறைத்ததாக அங்கே தெரியவில்லை.

ஏன் குறையவில்லை? 180 கதிரியல் மருத்துவர்களை வைத்து அமெரிக்கப் பொருளியலாளர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில் ஒரு விடை கிடைக்கிறது. நிரலின் கணிப்பைக் கையில் கொடுத்தபோதும் மருத்துவர்களின் துல்லியம் சராசரியில் உயரவில்லை. நேரமும் மிச்சமாகவில்லை, சற்றுக் கூடியது. நிரல் சொன்னதையும் பார்க்க வேண்டும், தாம் நினைத்ததையும் பார்க்க வேண்டும், இரண்டும் முரண்பட்டால் அதையும் தீர்க்க வேண்டும். ஒரு வேலை மூன்றாயிற்று.

முரண்படாமல் ஒத்துப்போய்விடலாமே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. 2023இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியான சோதனையில் 27 மருத்துவர்களிடம் மார்பகப் படங்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் கருத்து என்று சொல்லி வேண்டுமென்றே சில தவறான மதிப்பீடுகளையும் காட்டினார்கள். கருத்து சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்களில் 80 விழுக்காட்டை ஒட்டியிருந்த துல்லியம், தவறாக இருந்தபோது 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது. மிகுந்த அனுபவம் உள்ளவர்களும் தப்பவில்லை. 82இலிருந்து 45க்கு இறங்கினார்கள். கையெழுத்து மருத்துவருடையது, பொறுப்பும் அவருடையதே. நிரல் சுட்டிக்காட்டியதை மருத்துவர் தவறவிட்டால், பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட மாதிரி ஜூரர்கள் அவரைக் கூடுதலாகக் குற்றவாளியாக்குகிறார்கள் என்று 2025இல் வெளிவந்த ஒரு சோதனையும் காட்டியது. நம்பினாலும் கேடு, நம்பாவிட்டாலும் கேடு. 2016இல் 'என் வேலை போய்விடுமா' என்றிருந்த கவலை, 'என் தீர்ப்பு இனி என்னுடையதுதானா' என்று உருமாறிவிட்டது. எந்த வேலைவாய்ப்புக் கணக்கிலும் இது பதிவாகாது.

ஆறுதலுக்குள் இருந்த முள்

'செயற்கை நுண்ணறிவு கதிரியல் மருத்துவர்களை அகற்றாது. அதைப் பயன்படுத்தும் கதிரியல் மருத்துவர்கள், பயன்படுத்தாதவர்களை அகற்றுவார்கள்.' ஸ்டான்ஃபோர்டின் கதிரியல் பேராசிரியர் கர்டிஸ் லாங்லாட்ஸ் சொன்னதாக அறியப்படும் இந்தக் கருத்து, கதிரியலைத் தாண்டி இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்குகிறது. சொன்னவரின் நோக்கம் தைரியம் கொடுப்பது. ஆனால் அது செய்யும் வேலை வேறு. அச்சத்தை இயந்திரத்திடமிருந்து எடுத்து, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மேல் வைக்கிறது. நேற்றுவரை சேர்ந்து பயந்தவர்கள் இன்று ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்பட வேண்டும். பின்தங்கினால் பிழை உன்னுடையது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. ஊழியர் கூட்டங்களில் இந்த வரியை மேற்கோள் காட்டும் தலைவர்கள், தாங்கள் மிரட்டுகிறோம் என்பதை அறியாமலே மிரட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

அச்சம் உடலுக்குள் இறங்கும் வழி

வேலையை இழப்போமோ என்ற அச்சத்தை லியோனார்ட் கிரீன்ஹால்ஜும் செஹாவா ரோசன்பிளாட்டும் 1984இல் வரையறுத்தபோது, அபாயத்தின் அளவோடு கையாலாகாமையையும் சேர்த்தார்கள். அபாயம் பெரிதாக இருந்தாலும் தம்மால் ஏதாவது செய்ய முடியும் என்று நினைப்பவர் தாக்குப்பிடிக்கிறார். சிறிய அபாயமே ஆனாலும், முடிவு வேறெங்கோ, வேறு யாரோ எடுப்பது என்றால் மனம் தளர்கிறது. கதிரியல் மருத்துவர்களின் விதியைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கணினி அறிவியலாளர்களும் முதலீட்டாளர்களும் என்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நீடிக்கும் அச்சம், நடந்து முடிந்த இழப்பைவிடக் கொடியது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கப் பணியாளர்களை நீண்ட காலம் தொடர்ந்த இரண்டு தரவுத்தொகுப்புகளை ஆராய்ந்து சாரா பர்கார்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் எழுதிய கட்டுரை, வேலை போய்விடுமோ என்று தொடர்ந்து அஞ்சுவதற்கும் உடல்நலச் சரிவுக்கும் உள்ள தொடர்பு, உண்மையில் வேலை இழந்ததற்கும் அந்தச் சரிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிலும் வலுவானது என்று கண்டது. காரணம் யூகிக்கக் கடினமானதல்ல. வேலை போனவருக்கு அடுத்த நாள் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது: விண்ணப்பம் போடலாம், உதவித்தொகை கேட்கலாம், அழலாம். போகுமோ என்று காத்திருப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னால் பலவீனமாகத் தெரியும்.

கதிரியலுக்கு வெளியிலும் இதே சித்திரம்தான். அமெரிக்க உளவியல் சங்கம் 2023இல் நடத்திய ஆய்வில், தங்கள் பணிகளில் சிலவற்றையோ அனைத்தையுமோ செயற்கை நுண்ணறிவு தேவையற்றதாக்கிவிடும் என்று கவலைப்பட்டவர்கள் 38 விழுக்காடு. அவர்களில் 64 விழுக்காட்டினர் வேலை நேரத்தில் வழக்கமாகப் பதற்றமும் அழுத்தமும் உணர்வதாகச் சொன்னார்கள்; கவலை இல்லாதவர்களில் அது 38. வேலை தங்கள் மனநலத்தைக் கெடுக்கிறது என்றவர்கள் முறையே 51, 29 விழுக்காடு. இங்கும் எது முன், எது பின் என்ற சிக்கல் உண்டு. ஏற்கெனவே நொந்துபோனவருக்கு எல்லாமே அபாயமாகத் தெரியும். ஆனாலும் ஒரு நிர்வாகத்துக்கு இந்த வேறுபாட்டால் ஆவது என்ன? இரண்டு வகையிலும் கவனிக்கப்பட வேண்டியவர் ஒரே ஆள்தான்.

சுமை குறைந்த ஓர் இடம்

எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சுவீடனின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிப்பது வழக்கம். எண்பதாயிரம் பெண்களைக் கொண்டு அங்கே நடந்த சோதனையில், நிரல் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை அபாய மதிப்பெண் கொடுத்தது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற படங்களுக்கு மட்டும் இரண்டு மருத்துவர்கள், மற்றவற்றுக்கு ஒருவர். 2023இல் வந்த இடைக்கால முடிவின்படி, படிக்கும் சுமை 44 விழுக்காடு குறைந்தது, கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை.

அந்தச் சோதனை சுமையை அளந்தது, மனநலத்தை அளக்கவில்லை. என்றாலும் வடிவமைப்பில் உள்ள வேறுபாடு முக்கியமானது. படிக்கும் அறையைப் பற்றிய பகுதியில் பார்த்த ஏற்பாடுகளில் நிரல் மனிதரின் வேலைக்கு மேல் இன்னொரு அடுக்காக வந்து அமர்ந்தது. இங்கே ஒரு குறிப்பிட்ட வேலை, அதாவது இரண்டாவது வாசிப்பு, பெரும்பாலான படங்களுக்கு மொத்தமாக நீக்கப்பட்டது. எது போகும், எது நிற்கும் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மிச்சமான 44 விழுக்காட்டை யார் வைத்துக்கொள்வது என்பது அடுத்த கேள்வி. அதே நேரத்தில் இன்னும் கூடுதல் படங்கள் குவிக்கப்பட்டால் பழைய மூன்று நொடிக் கணக்குக்கே திரும்பிவிடுவோம்.

நிர்வாகங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை

பணியாளர் நலம் என்றதும் தியானச் செயலியும் ஆலோசகரின் தொலைபேசி எண்ணும் கொடுப்பது நிர்வாகங்களின் பழக்கம். கெடுதல் இல்லை. ஆனால் இந்த நிகழ்வில் அச்சத்தின் ஊற்று மனத்துக்குள் இல்லை. தெளிவற்ற வேலைத்திட்டத்திலும் தெளிவற்ற பொறுப்பிலும் இருந்தது. ஆகவே முதலில் எழுத்தில் வர வேண்டியது, கருவி எந்த வேலையை எடுத்துக்கொள்கிறது, எதைத் தொடாது, இந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு மாறாது என்பதுதான். 'இப்போதைக்கு யாருக்கும் வேலை போகாது' என்ற வாய்மொழிக்கு எந்த மதிப்பும் இல்லை. கேட்பவர் காதில் விழுவது 'இப்போதைக்கு' மட்டுமே. அடுத்து, நிரலோடு முரண்படும் உரிமை. முரண்பட்டதற்குக் காரணம் எழுதச் சொல்லி, ஒத்துப்போனவரை மட்டும் சும்மா விட்டால், எந்தப் பக்கம் சாய்வது வசதி என்பதை ஊழியர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். மூன்றாவது, கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதை நாள்தோறும் பயன்படுத்தப்போகிறவர்கள் இருக்க வேண்டும். கையாலாகாமைக்கு நேரான மருந்து இதுவே, செலவும் குறைவு.

ஊழியர் நல ஆய்வுப் படிவங்களில் 'வேலை போய்விடும் என்று அஞ்சுகிறீர்களா' என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்துவதும் போதாது. கதிரியலில் அந்தக் கேள்விக்கு இன்று பலர் 'இல்லை' என்றே பதில் சொல்லக்கூடும். கடந்த மாதத்தில் எத்தனை முறை நிரலின் முடிவைச் சரியென்று நம்பாமலே ஏற்றுக்கொண்டார், மிச்சமான நேரத்தில் என்ன வேலை வந்து சேர்ந்தது, ஒரு சக ஊழியரிடம் ஐயம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, தன் பிள்ளைக்கு இந்தத் தொழிலைப் பரிந்துரைப்பாரா என்று கேட்க வேண்டும். கருவி வாங்கும் முன்பே ஒருமுறை கேட்டுப் பதிவு செய்திருந்தால்தான், பின்னால் வரும் சோர்வு கருவியோடு வந்ததா, ஏற்கெனவே அங்கே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.